ஏழு பேருக்கு ஒரு கேக்

என் பிறந்த நாள் ஜூன் மாதத்தில் வருகிறது. தேதியை எழுதப்போவதில்லை. எழுதினால் கல்வராயன் மலையில் ஒரு கூட்டமே "இது என் தேதியாச்சே" என்று எழுந்து நிற்கும். எல்லோருக்கும் ஒரே தலைமை ஆசிரியர் கொடுத்த தேதி அது.

மலையில் நாங்கள் படித்தது தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம். பிள்ளையைச் சேர்க்க வருகிற அப்பனைப் பார்த்து, "எப்பய்யா பொறந்துச்சு?" என்று ஹெட்மாஸ்டர் கேட்பார். "சாமை அறுத்துக்கினு இருந்தோம் சார்", "அந்தப் பெரிய மழைக்கு மறு வருசம்" என்று பதில் வரும். அவர் பெருமூச்சு விட்டு, பிள்ளையின் கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொடச் சொல்லி, வருஷத்தை ஒரு மாதிரி கணக்குப் போட்டு எழுதிக்கொள்வார். மாதமும் தேதியும் மட்டும் எப்போதும் ஒன்றுதான். பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் அவருக்குப் பிடித்த ஒரு நாள்.

மனுஷன் சோம்பேறி இல்லை. அந்தத் தேதி வந்தால் காலைப் பிரார்த்தனையில், "இன்னிக்கு உங்க எல்லாருக்கும் பொறந்தநாள்" என்று அறிவித்து ஆளுக்கு ஒரு கமர்கட் கொடுப்பார். சொந்தக் காசில். மலையில் அதற்கு முன்னால் யாரும் பிறந்த நாள் கொண்டாடியதில்லை. எங்களுக்கு அது பெரிய திருவிழாவாக இருந்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் நானும் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். அவள் தன் கமர்கட்டைப் பல்லால் கடித்து இரண்டாக்கி ஒரு பாதியை எனக்குக் கொடுப்பாள். நான் என்னுடையதில் பாதியை அவளுக்குக் கொடுப்பேன். இரண்டும் ஒரே மாதிரி கமர்கட்தான், மாற்றிக்கொள்வதால் யாருக்கும் எதுவும் கூடப்போவதில்லை. ஆனாலும் எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒரு வருஷம் கூட விடாமல் மாற்றிக்கொண்டோம். ராத்திரியில் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தவர்கள் நாங்கள். அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று இருந்தேன்.

எட்டாவது முடிந்ததும் எனக்குக் கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலோடு சேர்ந்த இடம் கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை. கீழே இறங்கிய முதல் வாரத்திலேயே பக்கத்துக் கட்டில் பெண், "மலையா? அங்க எல்லாம் சாராயந்தானே காச்சுவாங்க?" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, வெயில் எப்படி என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அன்றிலிருந்து யார் ஊரைக் கேட்டாலும் "கச்சிராயபாளையம் பக்கம்" என்று சொல்லத் தொடங்கினேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. மலையேறுகிற பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. அந்தப் "பக்கம்" என்கிற சொல்லுக்குள் ஒரு மலையையே மறைத்து வைத்துக்கொண்டு பி.காம். வரைக்கும் முடித்தேன். பேச்சை மாற்றினேன், நடையை மாற்றினேன். லீவுக்கு மலைக்குப் போனால் கூட, எந்த பஸ்ஸில் ஏறுகிறேன் என்று யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஏறுவேன்.

வேலை கிடைத்தது சின்னசேலம் ரோட்டில் இருந்த ஒரு பெரிய ரைஸ் மில்லில். ஆபீஸில் நானும் ஒரு அக்கவுண்டன்ட்டும்தான். அவர் ஓய்வு பெறுகிற வயதைத் தாண்டியும் நாற்காலியை விடாதவர். ஆட்களின் வருகைப் பதிவு, பி.எஃப்., லீவு எல்லாம் என் பொறுப்பு. எல்லோரும் என்னை மேடம் என்றார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நான் சேர்ந்து ஒரு வருஷம் கழித்து, பேக்கிங் செக்‌ஷனுக்குப் புதிதாகப் பெண்களை எடுத்தார்கள். அரிசி மூட்டையின் வாயைக் கைமிஷினால் தைக்கிற வேலை. ஆதார் நகலோடு வரிசையில் நின்றவர்களில் அவளும் இருந்தாள். கல்யாணமாகி, கொஞ்சம் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் முழுக்க மலர்ந்தது. "ஏ..." என்று வாயெடுத்தாள். பக்கத்து மேஜையில் அக்கவுண்டன்ட் இருந்தார்.

நான் தலையைத் தாழ்த்தி ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டே, "பேரு சொல்லுங்க" என்றேன்.

அவள் தன் பெயரைச் சொன்னாள். என்னிடமே. அப்பா பெயரையும் சொன்னாள், எத்தனையோ முறை என் தட்டில் களி போட்ட மனிதருடைய பெயர். நான் எழுதிக்கொண்டேன். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் என்னை வேறு எப்படியும் கூப்பிடவில்லை. கேண்டீனில் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுவாள், புருவத்தில் தவிடு ஒட்டியிருக்கும். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டு போவேன். அவளோடு சேர்த்து மலைக்காரர்கள் ஏழு பேர் மில்லில் இருந்தார்கள். மற்ற ஆறு பேரும் எனக்குப் பின்னால் படித்தவர்கள், அவர்களுக்கு என்னை அடையாளம் தெரியாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அந்த வருஷம் சின்ன முதலாளி சென்னையில் ஏதோ பயிற்சிக்குப் போய்த் திரும்பினார். ஆட்கள் நிலைத்து நிற்க வேண்டுமென்றால் சின்னச் சின்னதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிறந்த நாளைக்கு ஆளுக்குக் கொஞ்சம் பணம் கொடுக்கலாம் என்றார். ஆடிட்டர் குறுக்கே விழுந்தார்.

"பணமா குடுக்காதீங்க தம்பி. பணமா குடுத்தா அது சம்பளத்தோட சேந்துக்கும், வரி வரும். பொருளா குடுங்க. ஒரு ஆளுக்கு வருசத்துக்கு அஞ்சாயிரத்துக்குள்ள நிக்கட்டும். கேள்வியே கெடையாது."

வருமான வரி கட்டுகிற அளவுக்குச் சம்பளம் வாங்கியவர்கள் அந்த மில்லிலேயே இரண்டு பேர் இருந்தால் அதிகம். மூட்டை தைக்கிறவளுக்கு வரியைப் பற்றி என்ன கவலை? "பொருளுக்குப் பதிலா காசாவே குடுத்துட்டா நல்லாருக்கும் மேடம்" என்று பாய்லர் ஆள் ஒருவர் என்னிடம் முனகினார். ஆனால் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆடிட்டர் வாக்கும் ஒன்றுதான். ஆகவே பிறந்த நாளைக்கு ஒரு கேக், மேலே ஆள் பெயர், கூடவே ஒரு ஹாட்பாக்ஸ் என்று முடிவானது. நாலு மணி டீக்கு எல்லோரும் கூடிக் கைதட்ட வேண்டும். முதலில் சிரித்தார்கள். பிறகு பார்த்தால், கேக்கின் மேல் தன் பெயரைப் பார்த்த லோடுமேன் ஒருவர் அந்தப் பெயர் எழுதிய இடத்தை மட்டும் வெட்டாமல் வீட்டுக்கு எடுத்துப் போனார். ஐம்பது வயதுக்கு மேல் அவருக்கு. அவருடைய பெயரை யாரும் அதற்கு முன் அவ்வளவு அழகாக எழுதியதில்லை போலும்.

பட்டியல் தயாரிக்கிற வேலை எனக்கு வந்தது. எல்லோருடைய பிறந்த தேதியையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, மாத வாரியாக வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தினேன். ஜூனில் எட்டுப் பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே தேதியில் வந்து நின்றன. ஏழு பேர் மலைக்காரர்கள். எட்டாவது நான்.

அக்கவுண்டன்ட் டீ டம்ளரோடு என் முதுகுக்குப் பின்னால் வருவது கேட்டது. யோசிக்கவில்லை, என் வரிசையில் இருந்த மாதத்தை அழித்து அக்டோபர் என்று அடித்தேன். அந்த மாதத்தில் வேறு யாரும் இல்லை. என் பெயர் துள்ளிப் பட்டியலின் கீழே போய் விழுந்தது.

அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாம்மா இது, மலையில ஒரே நாள்ல மொத்தமா பெத்துப்பாங்களா?"

நானும் சிரித்தேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பயந்து தேதியை மாற்றியதைக் கூட மன்னித்துக்கொள்ளலாம். அவரைவிடச் சத்தமாகச் சிரித்தேனே, அதை என்ன செய்வது?

ஒரே நாளில் ஏழு கேக் வாங்குவதா என்று சின்ன முதலாளி தயங்கினார். அவரை யாராவது இரண்டு நிமிஷம் விட்டிருந்தால் சரியென்றுதான் சொல்லியிருப்பார், தாராளமான மனிதர். அதற்குள் நான் முந்திக்கொண்டு, "ஒரே கேக் போதும் சார், பெருசா வாங்கிக்கலாம்" என்றேன். அந்தப் பேச்சு எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு நல்லது என்று இருந்தது எனக்கு. பேக்கரிக்காரர் போனில், "பேரு இன்னா எழுதணும்ங்க?" என்று கேட்டார். ஏழு பெயருக்கு இடம் இருக்காது என்று நானே முடிவு கட்டினேன். "மலை ஸ்டாஃப்னு எழுதிடுங்க" என்றேன்.

அந்த நாள் வந்தது. நாலு மணிக்கு ஏழு பேரும் கேக்கைச் சுற்றி நின்றார்கள். மேலே சிவப்பு க்ரீமில் "மலை ஸ்டாஃப்". அவர்களில் சின்னப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்துத் தன் பெயரைத் தேடினாள். ஒரு கத்தியை ஏழு கைகள் பிடித்துக்கொண்டன. கூட்டம் கைதட்டியது, யாரோ "டேய், மலை இறங்கி வந்துடுச்சுடா" என்று கத்தினார்கள், சிரிப்பு. நான் என் மேஜையை விட்டு எழுந்து போகவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, செய்ய ஒன்றுமில்லாத ஒரு ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எனக்கும் அன்றைக்குத்தான் பிறந்த நாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் உள்ளே வந்தாள். கையில் காகிதத்தட்டு. அதில் கேக் துண்டு ஒன்று. முழுத் துண்டு இல்லை, கையால் பிட்ட பாதி. மறு பாதி அவள் இடது கையில் இருந்தது.

"எடுத்துக்குங்க மேடம்" என்று தட்டை என் மேஜையில் வைத்தாள்.

அக்கவுண்டன்ட் நிமிர்ந்து பார்த்தார். அவர் பார்த்தது பாதித் துண்டு கேக்கை மட்டும்தான். அதற்கு மேல் அவருக்கு என்ன தெரியும்? ஆனால் ஊரே பார்க்கிறது போல எனக்கு உடம்பு கூசியது.

"எனக்கு ஸ்வீட் ஆகாதுங்க. நீங்களே சாப்பிடுங்க" என்றேன்.

அவள் தட்டை உடனே எடுக்கவில்லை. நான் கை நீட்டுவேன் என்று ஒரு மூச்சு விடுகிற நேரம் காத்திருந்தாள். பிறகு, "சரிங்க மேடம்" என்று எடுத்துக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் அறைக்குப் போய் நான் அழுதேன். அழுததைச் சொல்வது என்னை நல்லவளாகக் காட்டுவதற்காக இல்லை. மறுநாள் போய் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அக்டோபரில் என் பொய்ப் பிறந்த நாள் வந்தது. மழை பிடித்துக்கொண்ட நாள். ஒரு கிலோ கேக், மேலே என் பெயர், தனியாக, நடுவில். மில்லே கூடி நின்றது. கத்தியை எடுக்கிற நேரத்தில் அக்கவுண்டன்ட், எந்தக் கெட்ட நினைப்பும் இல்லாமல், ஞாபகம் வந்தவராகக் கேட்டார்.

"ஏம்மா, பி.எஃப். வேலைக்கு உங்க ஆதாரைப் பாத்தேன். அதுல ஜூன் மாசம் இல்ல போட்டிருக்குது? அந்த மலை ஸ்டாஃப் தேதி மாதிரியே இருந்துச்சே?"

சின்ன முதலாளி என்னைப் பார்த்தார். இத்தனை வருஷமாகக் கட்டிக் காத்த "கச்சிராயபாளையம் பக்கம்" என் கண் முன்னால் சரியப் போகிறது என்று நின்றேன்.

"மேடத்துக்கு நெஜத்துல ஐப்பசி தான் சார்."

அவள்தான். கூட்டத்தின் பின்னாலிருந்து, சாதாரணக் குரலில்.

"ஸ்கூல்ல வாத்தியாருங்க அவங்க இஷ்டத்துக்கு ஒரு தேதிய எழுதிக்கினாங்களாம். எங்களுக்கு எழுதினாப்புல."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"மேடம் தான் சொன்னாங்க சார். அன்னிக்கு லிஸ்ட் எழுதிக்கினு இருந்தப்ப."

அந்த மில்லில் நான் அவளோடு வேலையைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்கவுண்டன்ட் சிரித்துவிட்டார். "அது சரி, எனக்கே ரெண்டு வயசு ஜாஸ்தி போட்டுத்தான் சேத்தாங்க. வெட்டும்மா, வெட்டு."

வெட்டினேன். வழக்கப்படி ஆளுக்கு ஒரு துண்டு நானே கொடுக்க வேண்டும். அவள் முறை வந்தது. கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். "நல்லா இருங்க மேடம்" என்றாள். குரலில் கேலி இல்லை, கோபமும் இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அந்தத் துண்டை அவள் பாதியாகப் பிட்கவில்லை. முழுசாக வாயில் போட்டுக்கொண்டு, தவிட்டைத் தட்டிவிட்டு மிஷினுக்குப் போய்விட்டாள்.

அவளைத் தனியாகப் பிடித்துப் பேச வேண்டும் என்று தினமும் நினைத்தேன். இன்றைக்கு லோடு அதிகம், இன்றைக்குக் கூட ஆட்கள் இருக்கிறார்கள், நாளைக்குப் பார்க்கலாம். இப்படியே பொங்கல் வந்தது. பொங்கல் லீவு முடிந்து அவள் திரும்பவில்லை. புருஷனோடு கேரளாவில் மிளகுத் தோட்டத்துக்குப் போய்விட்டாள் என்றார்கள். அவள் கொடுத்திருந்த போன் நம்பரை ஃபைலிலிருந்து எடுத்து அழைத்தேன். அது மாறிப்போயிருந்தது. ஃபைலில் அவள் பெயருக்கு எதிரே "நின்றுவிட்டார்" என்று எழுத வேண்டியவளும் நான்தான்.

அடுத்த ஜூனுக்கு முன்னால் பட்டியலைத் திறந்து என் தேதியைத் திருத்தினேன். என் பெயர் கீழேயிருந்து ஏறிப் போய் அந்த ஆறு பேரோடு சேர்ந்து நின்றது. அவள் போய், நான் வந்து, கணக்கு மறுபடி ஏழு. பேக்கரிக்கு இந்த முறை நேரிலேயே போனேன். ஏழு பெயரும் எழுத இடம் இருக்குமா என்று கேட்டேன்.

"ஏழா? சின்னதா எழுதினா பத்து எழுதலாம்ங்க" என்றார் அவர்.

நாலு மணிக்கு நான் தடுப்பைத் தாண்டி வந்து அவர்களோடு கேக்கைச் சுற்றி நின்றேன். சின்ன முதலாளி என் பெயரைப் படித்துவிட்டு, "மேடம், நீங்க மலையா? சொல்லவே இல்லியே" என்றார். "ஆமா சார், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம்" என்றேன். "அட, அங்க நல்ல தேன் கெடைக்குமே. அடுத்த தடவ போவும்போது ரெண்டு பாட்டில் வாங்கிக்கினு வாங்க" என்றார். அவ்வளவுதான். அக்கவுண்டன்ட் போன வருஷத்து ஐப்பசியைக் கூடக் கேட்கவில்லை, மிக்சரில் முந்திரி தேடிக்கொண்டிருந்தார். எதற்காக என் வாழ்க்கையில் பாதியை மென்று விழுங்கினேனோ, அது இரண்டு பாட்டில் தேனோடு முடிந்துபோனது. எனக்கு வெட்கமாக இருந்தது. மலைக்காரி என்பதற்காக இல்லை.

என் கையிலிருந்த துண்டைப் பழைய பழக்கத்தில் இரண்டாகப் பிட்டிருந்தேன். ஒரு பாதியைச் சாப்பிட்டேன். மறு பாதியை என்ன செய்வது என்று தெரியாமல் தட்டிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். போன வருஷம் கேக்கில் தன் பெயரைத் தேடிய அந்தச் சின்னப் பெண் பக்கத்தில் வந்தாள்.

"அது யாருக்கு மேடம்?"

நான் கேரளாவுக்குப் போனவளின் பெயரைச் சொன்னேன். அந்த மில்லுக்குள் அந்தப் பெயரை வேலைக்கு இல்லாமல் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. "அவ என் கூடப் படிச்சவ. ஒரே பெஞ்சு" என்றேன்.

"தெரியும் மேடம்" என்றாள் அந்தப் பெண். "எங்க ஆறு பேருக்கும் தெரியும். ஸ்கூல்ல உங்கள நாங்க பாத்திருக்கோமே. அவங்கதான் மொத நாளே சொல்லிட்டாங்க, யாரும் காட்டிக்காதீங்க, அவளுக்கு இங்க நல்ல பேரு இருக்குது, கெடுத்துடாதீங்கன்னு."